பொன்னாடை போதாது: கமிட்டிக்காரர்களோடு பழகிய அனுபவம்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பகல்நேர மையம் நடத்தும் ஒரு சங்கத்தில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். நெல்லைப் பக்கம் ஒரு சிறிய ஊர். சிறப்புப் பள்ளி, தொழிற்பயிற்சிக் கூடம், கைக்குழந்தைகளுக்கான தெரபி அறை, ஓடிக் களைத்த ஒரு வேன், இவ்வளவுதான் எங்கள் சொத்து. இதையெல்லாம் நிர்வகிக்க ஒரு செயற்குழு உண்டு. ஊரில் யாரும் அதைச் செயற்குழு என்று சொல்வதில்லை, கமிட்டி என்றுதான் சொல்வார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தலைவர். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் பொருளாளர். முன்னாள் தாசில்தார், அரிசி ஆலை நடத்துகிறவர், குழந்தைகள் மருத்துவர் (இப்போது விலகிவிட்டார்), பார்வையற்ற கல்லூரிப் பேராசிரியர், எங்கள் மையத்துக்கு வரும் ஒரு பையனின் அம்மா ஆகியோர் உறுப்பினர்கள். யாருக்கும் சல்லிக்காசு கிடையாது. கூட்டத்துக்கு வரும் பெட்ரோல் செலவுகூட அவரவர் பாக்கெட்டிலிருந்துதான்.

இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று வேறு ஊர்களில் இதே வேலை பார்க்கும் தோழிகள் அடிக்கடி கேட்கிறார்கள். ஆண்டு விழா நெருங்கும்போதுதான் பெரும்பாலும் அந்தக் கேள்வி வரும். "பொன்னாடையா, கேடயமா, எது நன்றாக இருக்கும்?" என்பார்கள். எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கமிட்டி என்றால் மேடையில் உட்காருகிறவர்கள் என்ற எண்ணம் ஊழியர்களிடம் உண்டு. வருடம் முழுக்க உழைப்பது நாங்கள், விழாவன்று மாலை வாங்குவது அவர்களா என்ற முணுமுணுப்பு எல்லா அமைப்புகளிலும் கேட்கும். அலுவலக மேஜையில் உட்கார்ந்து பார்த்தால்தான் அவர்கள் தலையில் என்ன பாரம் இருக்கிறது என்பது விளங்கும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கமிட்டியில் ஒரு பெயர் மாறினாலும் ஏழாம் படிவம் கொடுக்க வேண்டும். வருமான வரித் துறையில் சங்கத்தின் வரிவிலக்குக்கு 12ஏ, நன்கொடையாளரின் வரிச்சலுகைக்கு 80ஜி என்று இரண்டு பதிவுகள். முன்பு ஒருமுறை வாங்கினால் போதும் என்று இருந்தது. 2021 ஏப்ரலிலிருந்து எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், காலக்கெடு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும் என்றாகிவிட்டது. நன்கொடையாளர் விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்குகிற அமைப்பென்றால் அதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் தனிக் கதை. 2020 திருத்தத்துக்குப் பிறகு பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் ஆதார் எண்ணோ பாஸ்போர்ட்டோ கொடுக்க வேண்டும். பணம் டெல்லியில் உள்ள ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் முதலில் வந்து சேரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் நிறுவனப் பதிவும் வேண்டும்.

இவை ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு கமிட்டி உறுப்பினரின் கையெழுத்தோ, பான் எண்ணோ, அவர் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யோ இருக்கிறது. எங்கள் தலைவர் அம்மா தம் பேத்தியின் காதுகுத்து வைபவத்தில் நின்றுகொண்டே ஓ.டி.பி. சொல்லியிருக்கிறார். பின்னணியில் நாதஸ்வரம், நடுவில் ஆறு இலக்க எண். "மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள்" என்று பொறுமையாகச் சொன்னார். கணக்கில் கோளாறு வந்தால் நோட்டீஸில் இருக்கப்போவது அவர் பெயர். சம்பளம் வாங்கும் என் பெயர் அதில் இருக்காது.

ஆகவே நன்றியின் முதல் படி காகிதங்களை ஒழுங்காக வைத்துக்கொள்வது என்பது என் கருத்து. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் பொருளாளரிடம் கையெழுத்துக்குப் போகும் ஒவ்வொரு காசோலையோடும் வவுச்சர், பில், அந்தச் செலவுக்கு அனுமதி கொடுத்த தீர்மானத்தின் எண், மூன்றையும் இணைத்துக் கொடுத்துப் பாருங்கள். அவர் முகத்திலேயே வித்தியாசம் தெரியும். வெறும் காசோலைப் புத்தகத்தை நீட்டி, "சார், அவசரத்துக்கு இருக்கட்டும், பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நம்பிக்கையின் அடையாளமாகவே அதைச் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் பொருளாளர் வங்கியில் இருந்தவர், இந்த விஷயத்தில் மசியமாட்டார். "என்னை நம்புகிறாய் என்றால் என் கையெழுத்தைக் காப்பாற்று அம்மா" என்பார். கூட்டத்துக்கான தாள்கள் ஒரு வாரம் முன்னதாகவே போய்ச் சேருவது, சொன்ன நேரத்துக்குத் தொடங்குவது, சொன்ன நேரத்துக்கு முடிப்பது, இவையும் இதே வகை மரியாதைதான். அரிசி ஆலைக்காரர் அறுவடைக் காலத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி வருகிறார். அந்த இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தால், பிறகு எந்த மேடையில் நன்றி சொன்னாலும் அது ஒட்டாது.

பொன்னாடை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசி ஆலைக்காரர் வீட்டு பீரோவில் பொன்னாடை வைக்க இடமில்லை. ஊரில் எந்த விழா நடந்தாலும் அவருக்கு ஒன்று போர்த்திவிடுகிறார்கள், அவரும் வீட்டுக்குப் போகும் வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிடுகிறார். அதே விழாவில் பையனின் அம்மாவுக்கும் ஒன்று போர்த்தினோம். அவருக்கு வாழ்க்கையில் யாரும் போர்த்திய முதல் பொன்னாடை அதுதான். மறுநாள் பஸ் நிலையத்தில் பார்த்தபோது, மாமியார் அதை மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த வீட்டில் பிள்ளையின் குறைக்கு அவர்தான் காரணம் என்று பல வருடம் பேச்சுக் கேட்டவர். ஆளைப் பார்த்துத்தான் எதையும் செய்ய வேண்டும்.

ஆனால் பொன்னாடையோடு சேர்ந்து வாசிக்கப்படும் வாசகங்களைப் பற்றி எனக்குப் புகார் உண்டு. "அயராத உழைப்பாளி, தன்னலமற்ற தொண்டர், ஏழைகளின் ஏந்தல்" என்று ஆள் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் ஒரே வார்த்தைகள். கேட்கிறவருக்கே தெரியும், இது தம்மைப் பற்றியது இல்லை என்று. அதற்குப் பதில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். அது எந்தக் கூட்டத்தில் நடந்தது, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இதற்காகவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் யார் எதைக் கேட்டார், எதைப் பிடிவாதமாகச் சொன்னார், எதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார் என்று நாலு வரி எழுதிவைப்பேன். தீர்மானப் புத்தகத்தில் முடிவு மட்டும்தான் இருக்கும். அந்த முடிவுக்கு முன்னால் நடந்த வாக்குவாதம் இந்த நோட்டில் இருக்கும்.

அந்த நோட்டால் ஒரு முறை நல்ல பலன் கிடைத்தது. பணிக்கொடைச் சட்டம் 1972-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், ஐந்து வருடம் தொடர்ந்து பணியாற்றியவர் விலகும்போது, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று பொருளாளர் சொன்னபோது கமிட்டியில் பெரிய எதிர்ப்பு. அந்த வருடம் ஒரு நன்கொடையாளர் கைவிரித்திருந்தார், வேனுக்கு டயர் மாற்றவே பணம் இல்லை. "இது சேவை நிறுவனம், கம்பெனி இல்லை" என்று ஒருவர் சொன்னார். "சேவை செய்வது நாம். அவர்கள் வேலை செய்கிறார்கள்" என்றார் பொருளாளர். குரல் உயர்த்தவில்லை, ஆனால் விடவும் இல்லை. கடைசியில் சிறு தொகையாகத் தொடங்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. ஒவ்வொரு வருடமும் அந்தத் தொகையை வேறு செலவுக்கு எடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள், அவர் மறுப்பார்.

பல வருடம் கழித்து எங்கள் மூத்த ஆயா ஓய்வு பெற்றார். பிள்ளைகளுக்குக் கழுவிவிட்டு, உடை மாற்றி, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இருபது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தவர். மாதத்தை இருபத்தாறு நாளாகக் கணக்கிட்டு அவருக்குச் சேர வேண்டிய தொகையை ஒரு பைசா பாக்கியில்லாமல் காசோலையாகக் கொடுத்தோம். அவரைக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரச் சொல்லலாமா என்று தலைவர் அம்மாவிடம் கேட்டேன், சம்மதித்தார். ஆயா வந்தார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, கதவருகே நின்றார். நான் என் நோட்டிலிருந்து அந்தப் பழைய கூட்டத்தில் பொருளாளர் சொன்னதை மட்டும் படித்தேன். ஆயாவுக்கு அதுவரை தெரியாது. காசோலை அரசாங்கத்திலிருந்து வந்தது என்று நினைத்திருக்கிறார். "மகள் வீட்டில் இனி நான் கையேந்த வேண்டியதில்லை சார்" என்றார், பொருளாளரைப் பார்த்து. பொருளாளர் சங்கடப்பட்டு நெளிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "மற்ற ஆயாக்களிடம் வாரிசு நியமனப் படிவம் வாங்கியாயிற்றா?" என்று கேட்டார். அடுத்த நாள் காலையிலேயே அலுவலகத்துக்கு வந்து எல்லாப் பணியாளர் கோப்புகளையும் எடுத்துவரச் சொன்னார். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது.

முன்னாள் தாசில்தாரின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டால், அவர்கள் பெயரில் வங்கியிலோ சொத்திலோ ஏதாவது செய்ய வேண்டுமென்றால் பெற்றோரிடமே அதிகாரச் சான்று கேட்பார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர்நிலைக் குழு சட்டபூர்வக் காப்பாளரை நியமித்துச் சான்றிதழ் கொடுக்கும். விண்ணப்பம், மருத்துவச் சான்று, உறவினர் சம்மதம் என்று இதில் அலைச்சல் உண்டு. படிப்பறிவு குறைந்த பெற்றோர் பாதியில் விட்டுவிடுவார்கள். தாசில்தார் சார் சனிக்கிழமை காலையில் எங்கள் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பார். எந்த மேஜையில் எந்தக் காகிதம் தேங்கும் என்று அவருக்குத் தெரியாததா? அவருக்கு நான் செய்கிற நன்றி ஒன்றே ஒன்றுதான். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, பெற்றோரின் சம்மதத்தோடு அவருக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்களையும் பேசவைத்துவிடுவேன். எனக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கேள்வியோடு வந்த ஒரு தகப்பனின் குரலில் அன்று கொஞ்சம் தெம்பு இருக்கும். அது அவர் காதில் நேரடியாக விழுவதுதான் முறை. நடுவில் நான் எதற்கு? கமிட்டியில் எடுத்த முடிவுக்கு என்ன ஆயிற்று என்பதே தெரியாமல் வருடக்கணக்கில் கைதூக்கிக்கொண்டிருக்கும் உறுப்பினர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பேராசிரியர் கமிட்டிக்கு வந்தபோது கூட்டத் தாள்களின் வடிவமே மாற வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பல அலுவலகங்களில் இன்னமும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடக்கிறது. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். பார்வையற்றவரின் கணினியில் உள்ள திரைவாசிப்பு மென்பொருளுக்கு ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம்தான். பழைய எழுத்துருவில் உள்ள கோப்போ அதைவிட மோசம். பாமினியில் அடித்த 'வருமானம்' என்ற சொல்லை எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிக்கவிட்டுக் காட்டினார். தமிழ் எழுத்தே அதில் இல்லை, "டி, யூ, கே, ஹெச்" என்று ஆங்கில எழுத்துகள் உளறின. ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, அட்டவணைகளில் காலிக் கட்டங்கள் இல்லாமல், மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்றார். தட்டச்சு செய்யும் பெண் இரண்டு வாரம் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டாள், பிறகு அவளுக்கும் அதுவே வசதியாகிவிட்டது. தாள்கள் ஒழுங்காகப் போன முதல் கூட்டத்திலேயே வேன் டீசல் செலவு ஏன் இவ்வளவு என்று பேராசிரியர் துருவ ஆரம்பித்தார். இதையும் எதிர்பார்த்துத்தான் செய்ய வேண்டும். மதிக்கப்படுகிற உறுப்பினர் கேள்வி கேட்பார்.

வேறோர் ஊரில் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். சக்கர நாற்காலியில் வரும் கமிட்டி உறுப்பினர் ஒருவரைக் கௌரவிக்க அழைத்தார்கள். மேடைக்குச் சாய்தளம் இல்லை. நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேலே வைத்தார்கள், கூட்டம் கைதட்டியது. கீழே இறங்கியதும் அவர் என்னிடம் சொன்னார்: "கேடயத்துக்குச் செலவழித்த பணத்தில் இரண்டு பலகை வாங்கிப் போட்டிருக்கலாம். கேடயத்தைத் தூக்கியதுபோல என்னையும் தூக்கினார்கள்." மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பில் மாற்றுத்திறனாளிகளே நிர்வாகத்தில் இருப்பது ஏதோ அபூர்வம் என்பதுபோல நாம் நடந்துகொள்கிறோம். எங்கள் ஊரிலிருந்து வேனில் ஒரே நாளில் போய்வரும் தூரத்தில்தான் ஆய்க்குடி இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் செயலாளர் எஸ்.சங்கர ராமன் தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர். அவ்வளவு பெரிய அமைப்பை இருவரும் சக்கர நாற்காலியிலிருந்தே வளர்த்தெடுத்தார்கள். எங்கள் கமிட்டியை ஒரு நாள் அங்கே அழைத்துக்கொண்டு போனோம். போகும் வழியில் கட்டுச்சோறு, திரும்பும் வழியில் வேனுக்குள்ளேயே இரண்டு மணி நேர விவாதம். கமிட்டிக்காரர்களுக்கு நாங்கள் கொடுத்தவற்றில் அந்தப் பயணத்தைத்தான் அவர்கள் இன்றும் பேசுகிறார்கள். தங்கள் வேலையில் இன்னும் கற்றுக்கொள்ள இருக்கிறது என்று காட்டுவதும் ஒரு மரியாதைதான் போலிருக்கிறது.

பையனின் அம்மாவிடம் வருகிறேன். பெற்றோரைக் கமிட்டியில் சேர்த்துவிட்டு, கூட்டத்தில் அவர்களைப் பயனாளியாகவே நடத்துவது எல்லா இடத்திலும் உள்ள வியாதி. மற்றவர்களிடம் "பட்ஜெட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள், அவரிடம் "பையன் நன்றாக இருக்கிறானா?" என்று கேட்பார்கள். அவர் ஒரு குறையைச் சொன்னால், கமிட்டி உறுப்பினரின் கேள்வியாக அது பதிவாகாது, பெற்றோரின் புகாராகப் போய்விடும். தலைவர் அம்மா இதைக் கவனித்து, வேன் தடத்தைச் சீர்செய்யும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அவர் மூன்று பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு காலையில் வேனிலேயே சுற்றிவந்தார். கடைக்கோடி ஊரில் முதலில் ஏறும் பிள்ளைகள் சிறுநீர் கழிக்க வழியில்லாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வருகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தார். அலுவலகத்தில் இருந்த எங்கள் யாருக்கும் அது உறைத்ததே இல்லை. மாலையில் அதே பிள்ளைகள்தான் கடைசியில் இறங்கினார்கள். மாலைத் தடத்தை அவர்களை முதலில் இறக்கும்படி திருப்பினோம், காலையில் இடைவழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிறுத்த அனுமதி வாங்கினோம். தீர்மானப் புத்தகத்தில் "முன்மொழிந்தவர்" என்ற இடத்தில் அவர் பெயர் ஏறியது. அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

விழா நாளைப் பற்றி ஒன்று. டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம், ஐ.நா. சபை 1992-இல் அறிவித்தது. பல அமைப்புகள் அன்றைக்கே கமிட்டிக்காரர்களுக்கும் பாராட்டு வைத்துவிடுகின்றன. ஒரே பந்தல், ஒரே மைக், செலவு மிச்சம் என்பது கணக்கு. விளைவு என்னவென்றால், யாருடைய நாளோ அவர்கள் வெயிலில் வரிசையில் காத்திருக்க, மேடையில் பொன்னாடைப் படலம் ஒரு மணி நேரம் ஓடும். பிள்ளைகளை அணிவகுத்து நிறுத்தி ஒவ்வொரு விருந்தினருக்கும் வணக்கம் சொல்லவைப்பதையும், "இந்த ஐயாவால்தான் நீ சாப்பிடுகிறாய்" என்று சொல்லிக்கொடுப்பதையும் எங்கள் தலைவர் அம்மா வந்த அன்றே நிறுத்தினார். அவர்களுக்குக் கிடைப்பது உரிமை, யாருடைய தர்மமும் இல்லை என்பது அவருடைய வாதம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. கமிட்டிக்கு நன்றி சொல்ல நாங்கள் பொதுக்குழுக் கூட்ட நாளை எடுத்துக்கொள்கிறோம். கணக்கு வாசிக்கப்படும் நாளில் அந்தக் கணக்கைக் காத்தவருக்கு நன்றி சொல்வது பொருத்தமாகவும் இருக்கிறது.

பரிசுப் பொருள் வாங்கும் தோழிகளுக்கு ஓர் எச்சரிக்கை. சங்கத்தின் பணத்தில் கமிட்டி உறுப்பினருக்கு வெள்ளிக் குத்துவிளக்கு, தங்கக் காசு என்று இறங்கிவிடாதீர்கள். தொண்டு நிறுவன வருமானத்தின் பலன் நிர்வாகிகளுக்கோ அவர்கள் உறவினருக்கோ போனால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து வரும், தணிக்கையாளர் கட்டாயம் கேட்பார். நன்கொடையாளர் பிள்ளைகளுக்காகக் கொடுத்த பணம் அது என்பது அதைவிட முக்கியம். எங்கள் ஊழியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தொழிற்பயிற்சிக் கூடத்தில் செய்த கோப்பு உறைகளையோ மிதியடியையோ அதற்குரிய விலை கொடுத்து வாங்கித் தருகிறோம். ஓசியில் எடுத்துக் கொடுத்தால் செய்தவர்களின் கூலி போச்சு.

வீட்டுக்காரர்களை மறந்துவிடக் கூடாது. பொருளாளரின் மாலை நேரங்களை நாங்கள் எடுத்துக்கொண்டதால் தனியாகத் தொலைக்காட்சி பார்த்தவர் அவர் மனைவி. வருடத்தில் ஒரு நாள் விளையாட்டு விழாவுக்குக் குடும்பங்களை அழைத்துச் சாப்பாடு போடுகிறோம். மேடை கிடையாது, பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதுதான். முதல் தடவை வந்தபோது அந்த அம்மா, தம் கணவர் ஆயாக்களோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்துவிட்டு, "இவருக்கு இவ்வளவு பேச வருமா? வீட்டில் 'ம்' என்பதோடு சரி" என்றார். அதற்குப் பிறகு கூட்டம் உள்ள நாட்களில் அவரே கணவருக்கு நினைவூட்டி அனுப்புவதாகக் கேள்வி.

எல்லா உறுப்பினரும் ஒரே மாதிரி உழைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லெட்டர்பேடில் பெயருக்காக இருக்கிறவர், வருடத்துக்கு ஒரு முறை தலைகாட்டுகிறவர் எந்தக் கமிட்டியில் இல்லை? அவர்களுக்கும் உழைத்தவருக்கும் ஒரே அளவில் நன்றி சொன்னால் உழைத்தவர் மனம் கசக்கும், வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். எங்கள் ஆண்டறிக்கையில் ஒவ்வொருவரும் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்பதை அச்சிடுகிறோம். விமரிசனமாக ஒரு வார்த்தையும் சேர்ப்பதில்லை, அட்டவணை மட்டும். வர முடியாத, ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் ஒருவரிடம் தலைவர் அம்மா நேரில் போய்ப் பேசினார். கமிட்டியிலிருந்து விலகிப் புரவலராக இருக்க முடியுமா என்று கேட்டார். அந்த மனிதருக்கு அப்பாடா என்று இருந்திருக்கிறது. எப்படி விலகுவது என்று தெரியாமல்தான் அவரும் இழுத்துக்கொண்டிருந்தாராம்.

விலகுவது என்றதும் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டப்படி கமிட்டியின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். அப்படி மறுபடி மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டவர், மகனோடு போய் இருக்கச் சென்னைக்குக் கிளம்பினார். வழியனுப்பு விழாவுக்கு என்ன கொடுக்கலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் ஒரு கோப்பு தயார் செய்தேன். அவர் முன்மொழிந்த தீர்மானங்களின் நகல்கள் முதல் பாதி. கைக்குழந்தைகளுக்கு தெரபி தொடங்கியது, வலிப்பு மாத்திரை கொடுக்கும் நேரத்தை எழுதிவைக்கும் பதிவேடு என்று அவருடைய காரியங்கள் வரிசையாக இருந்தன. இரண்டாம் பாதியில் வேறு மூன்று காகிதங்கள். அவர் பெயரை நீக்கிக் கொடுத்த ஏழாம் படிவத்துக்குப் பதிவாளர் அலுவலகம் தந்த ஒப்புகை, காசோலையில் கையெழுத்திடும் உரிமையிலிருந்து அவரை விடுவித்ததாக வங்கி கொடுத்த கடிதம், அவர் விலகிய தேதிவரை உள்ள கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டதற்கான அறிக்கை. வங்கிக் கடிதத்துக்குத்தான் அதிகம் நடக்க வேண்டியிருந்தது.

டாக்டர் முதல் பாதியைப் புரட்டிச் சிரித்தார். இரண்டாம் பாதியை நின்ற இடத்திலேயே கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். வேறொரு சங்கத்திலும் அவர் நிர்வாகியாக இருந்தவர், அங்கிருந்து எப்போதோ விலகிவிட்டார். "அங்கே எனக்குத் சந்தன மரத்தில் பெரிய நினைவுப் பரிசெல்லாம் கொடுத்தார்கள் அம்மா" என்றார். "வங்கியில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் வாங்க என்னென்ன கொடுத்தாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு, நான் அவர்களிடம் போய்க் கேட்கிறேன்."

தீர்மான நகல், புதிய கையெழுத்தாளர்களின் பான், ஆதார், புகைப்படங்கள், பழைய கையெழுத்தாளரின் விலகல் கடிதம், ஏழாம் படிவ ஒப்புகை என்று எழுதிக் கொடுத்தேன்.